குடல் முடிச்சு: வன்னியில் மணித்தியாலங்கள் கசியும் இடங்கள்

கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் தட்டைக் குழாய், மெசினை இயக்கும் வரை துணி போலச் சுருண்டு கிடக்கும். தண்ணீர் பாய்ந்ததும் உயிர் வந்தது மாதிரி நிமிர்ந்து வரப்பில் ஒரு புரளல் புரளும். பக்கத்தில் இன்னொரு குழாய் தளர்வாகக் கிடந்தால் அதன்மேல் ஏறிச் சுற்றிக்கொள்ளவும் கூடும். சுற்றிய இடத்தில் இரண்டும் மடங்கி, இரண்டிலும் தண்ணீர் நின்றுவிடும்.

மனித வயிற்றுக்குள் இப்படி நடப்பதைத்தான் இலியம்–சிக்மொயிட் முடிச்சு என்கிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி இலியம். பெருங்குடல் மலக்குடலோடு சேருமுன் நெளிந்து போகும் பகுதி சிக்மொயிட். ஒன்று மற்றதன் அடியைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும்போது இரண்டு குடலும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. குழாயில் தண்ணீர் மட்டுமே நிற்கும். குடலிலோ உள்ளே போகும் உணவோடு சேர்த்து, குடலுக்கே உயிர் கொடுக்கும் இரத்த ஓட்டமும் அந்த மடிப்பில் நின்றுபோகிறது. இரத்தம் முழுதாக நின்ற குடல் ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. பிறகு கறுத்து அழுகத் தொடங்கும்.

இது மிக அரிய நோய். 1845இல் ஸ்கொட்லாந்து மருத்துவ இதழொன்றில் பார்க்கர் என்பவர் முதன்முதலில் விவரித்தார். 1967இல் ஷெப்பர்ட், உகண்டாவில் கண்ட 92 நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1993இல் துருக்கியிலிருந்து அல்வெரும் அவருடைய குழுவினரும் 68 பேரின் விபரங்களை வெளியிட்டார்கள். ஆபிரிக்கா, துருக்கி, மத்திய கிழக்கு, இந்தியா ஆகிய இடங்களிலிருந்தே பெரும்பாலான பதிவுகள் வந்திருக்கின்றன. மேற்கு நாடுகளில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம்.

வன்னி வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது இங்கே இது அதிகம் என்பதால் அல்ல. அரிது என்பதால்தான் யாருக்கும் அது முதலில் நினைவுக்கு வருவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் தெளிவாக வகுக்கப்பட்டாயிற்று. ஆள் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அந்தக் கதவுக்கு வெளியே கழிந்த மணித்தியாலங்களில் தங்கியிருக்கிறது. வன்னியில் அந்த மணித்தியாலங்கள் கசியும் இடங்கள் சிலவே. அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டலாம்.

முடிச்சு விழுவது எப்படி

மூன்று விடயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். சிறுகுடலை முதுகுச் சுவரோடு பிணைக்கும் குடல்திரை வழமையைவிட நீளமாக இருக்க வேண்டும். சிக்மொயிட் நீண்டு தொங்க, அதன் அடி ஒடுங்கி, ஒரு காம்பு போல இருக்க வேண்டும். இவை இரண்டும் ஆளின் குடலமைப்பைச் சேர்ந்தவை. மூன்றாவது, வெறும் வயிற்றில் ஒரேயடியாகச் சாப்பிடும் பெருந்தொகை உணவும் அதோடு குடிக்கும் நிறையத் தண்ணீரும்.

சாப்பாடு இறங்கியதும் சிறுகுடலின் மேற்பகுதி பாரமாகி இடப்பக்க அடிவயிற்றுக்குச் சரிகிறது. அங்கே வெறுமையாகக் கிடந்த இலியச் சுருள்கள் இடம் பெயர்ந்து சிக்மொயிட்டின் காம்பைச் சுற்றிப் போகின்றன. குடல் தன் பாட்டில் அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு அலையும் முடிச்சை இன்னும் இறுக்குகிறது. அல்வெர் குழுவினர் இதை வகைப்படுத்தினார்கள். இலியம் சுற்றினால் முதலாம் வகை, இதுவே அதிகம். சிக்மொயிட் சுற்றினால் இரண்டாம் வகை. இலியமும் பெருங்குடலும் சந்திக்கும் மூலை சுற்றினால் மூன்றாம் வகை. எது எதைச் சுற்றியது என்று பிரித்தறிய முடியாதபடி சிக்கியிருப்பவை தனியே வைக்கப்படுகின்றன.

காலபோக அறுவடை நாட்களில் விடிய ஒரு தேத்தண்ணியோடு வயலுக்குப் போய், பகலில் எதையாவது கொறித்துவிட்டு, இரவில் வந்து கோப்பை நிறையச் சோறும் செம்பு நிறையத் தண்ணீருமாக இருப்பது வன்னியில் வழமை. நோன்பு காலத்தில் ஒருநேரச் சாப்பாட்டோடு இந்த முடிச்சு வந்ததாக வெளிநாட்டுப் பதிவுகள் உண்டு. ஆனாலும் சோற்றைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அப்படிச் சாப்பிடும் எத்தனையோ பேரில், குடலமைப்பும் சேர்ந்து வாய்த்த ஒருவருக்குத்தான் இது வரும். நோன்பு திறக்கும்போதும் வயலால் வந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுச் சாப்பிடுவது நல்லது என்பதற்கு மேல் தடுப்பு முறை என்று எதுவும் இல்லை.

இரவில் தொடங்கும் வலி

பெரும்பாலும் ஆண்கள், 20 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்கள், அன்று வரை எந்த வருத்தமும் இல்லாமல் மண்வெட்டி பிடித்தவர்கள். பெண்களில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் காலத்தில், கர்ப்பப்பை வளர்ந்து குடலை ஒதுக்கும்போது வரக்கூடும். வலி நடுச்சாமத்திலோ விடியப்புறத்திலோ திடீரென்று தொடங்கும். சாதாரண வயிற்றுக்குத்து வந்து வந்து போகும். இதுவோ கொஞ்ச நேரத்திலேயே விடாத வலியாக மாறிவிடும். சத்தி கெதியாகவே வரும். காற்றுப் பிரியாது. வயிறு ஊதும், ஆனால் ஆளின் அவதிக்கு ஏற்ற அளவு ஊதியிருக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடிச்சுக்குக் கீழே மலக்குடலில் ஏற்கெனவே இருந்தது வெளியே வரலாம். ஒருமுறை வெளிக்குப் போயிற்று என்பதால் அடைப்பு இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த ஒருமுறைக்குப் பிறகு மலமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் அடைப்பு அடைப்புத்தான்.

முதல் கசிவு வீட்டில்தான். வாய்வு என்று ஓமத்தண்ணியும் இஞ்சியும் கொடுப்பதால் பெரிய தீங்கில்லை, நேரம்தான் போகிறது. ஆமணக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதும் மலவாயிலால் மருந்து ஏற்றுவதும் வேறு கதை. அடைபட்ட குடலை மேலும் சுருங்க வைத்தால் முடிச்சு இறுகும், கறுத்த குடல் கிழியவும் கூடும். “விடியட்டும், முதல் பஸ்ஸில போவம்” என்ற சொல் ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணித்தியாலத்தைத் தின்றுவிடும். குடல் தாங்கும் நேரமே ஆறு என்பதை நினைத்தால் அந்தச் சொல்லின் விலை தெரியும். விடாத வயிற்றுவலி, சத்தி, காற்றுப் பிரியாமை, குளிர்ந்த வியர்வை, படபடவென்ற நாடி எல்லாம் சேர்ந்திருந்தால் 1990க்கு அழைப்பெடுப்பது ஒன்றே வழி. அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை. வலி தொடங்கிய மணியை ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பிறகு அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இரண்டாவது கசிவு வன்னிக்கே உரியது. போர்க்காலத்தில் ஷெல் துண்டுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்த மண்ணில் ஏராளம். திறந்த வயிற்றில் ஒட்டுத்தசைகள் உண்டாகி, வருடங்கள் கழித்துக் குடலை இழுத்து மடக்குவது சாதாரணம். குடலடைப்புக்கு அதுவே முதன்மைக் காரணங்களில் ஒன்று. அந்த அடைப்பு பல தடவைகளில் கத்தி இல்லாமலே விடுபடும். வாயால் எதுவும் கொடுக்காமல், மூக்குக் குழாயால் வயிற்றை வடித்து, சேலைன் ஏற்றி, 48 முதல் 72 மணித்தியாலம் வரை பார்த்திருப்பது முறையான சிகிச்சை. அதே பொறுமை குடல் முடிச்சில் ஆளைக் கொன்றுவிடும்.

வயிற்றின் நடுவே நீண்ட தழும்பைக் கண்டதும் இது பழைய ஒட்டல் என்று மனம் தானாகவே சொல்லிக்கொள்ளும். ஆகவே தழும்பைப் பாராமல் ஆளைப் பார்க்க வேண்டும். நாடி 100ஐத் தாண்டி இறங்க மறுப்பது, வலி விட்டுவிட்டு வராமல் ஒரே பிடியாக இருப்பது, வயிற்றைத் தொட விடாமல் இறுகிக் கிடப்பது, காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை ஏறுவது, திசுக்களுக்கு ஒட்சிசன் போதாதபோது உண்டாகும் லக்ரேற் இரத்தத்தில் ஏறுவது ஆகியவற்றில் சில சேர்ந்து தென்பட்டாலே அந்த 72 மணித்தியாலக் கணக்கைக் கைவிட வேண்டும். வலிக்கு மருந்து கொடுத்தால் நோய்க்குறி மறைந்துவிடும் என்ற பயம் பழையது. தேவையான வலிநிவாரணியைக் கொடுத்துவிட்டு வயிற்றைச் சோதிக்கலாம். மருந்துக்கும் அடங்காத வலியே ஒரு நோய்க்குறி.

மூன்றாவது கசிவு எக்ஸ்ரேயில். பெருத்த சிக்மொயிட் சுருளைக் காண்பவர், அது தன்னைத்தானே முறுக்கிக்கொண்ட சாதாரண சிக்மொயிட் முறுக்கு என்று நினைக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு, நெடுநாள் மலச்சிக்கலோடு, வயிறு பானை போல ஊதி, மெல்ல மெல்ல வருவது. மலவாயிலால் குழாயோ கமராவோ விட்டு அந்த முறுக்கை அவிழ்க்க முடியும். முடிச்சில் குழாய் ஏறாது. வற்புறுத்தினால் குடல் ஓட்டையாகும். ஆளைப் பார்த்தால் சிறுகுடல் அடைப்பு, படத்தைப் பார்த்தால் பெருங்குடல் அடைப்பு, குழாயை விட்டால் ஏறவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் முடிச்சு என்று சந்தேகிக்கலாம் என்பது நிபுணர்கள் வகுத்த ஒரு குறி. சி.டி. ஸ்கான் எடுக்க முடிந்தால் குடல்திரையின் இரத்தக்குழாய்கள் சுழிபோல ஒரு புள்ளியை நோக்கி ஓடுவது தெரியும். ஆனால் ஆள் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலைக்கு, போய்க்கொண்டிருக்கும்போது ஸ்கானுக்காக இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்புவது பிழை. வயிற்றைத் திறக்க முன் இந்த நோயைச் சரியாகப் பெயர் சொன்னவர்கள் உலகெங்கும் சிறு பங்கினரே. பெயர் தெரிய வேண்டியதில்லை. இந்த வயிற்றை இப்போதே திறக்க வேண்டும் என்ற முடிவு வந்தால் போதும்.

கடைசிக் கசிவு தெருவில். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துத் தெருக்களில் இரவில் யானை நிற்கும். இந்தச் சத்திரசிகிச்சைக்கு நிபுணர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், இரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் எல்லாம் வேண்டும். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ முதலில் பார்க்கும் வைத்தியர், முல்லைத்தீவு மாஞ்சோலையா, கிளிநொச்சியா, வவுனியாவா, இவை எல்லாம் ஒன்றாக அன்றிரவு எந்த வைத்தியசாலையில் இருக்கின்றன என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். கிட்ட இருக்கிறது என்பதற்காக ஓரிடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மறுபடி இன்னோரிடத்துக்கு ஏற்றுவதால் இரண்டு மூன்று மணித்தியாலம் போய்விடும். தூரமானாலும் ஒரே பயணமாக இருக்க வேண்டும்.

கூடத்துக்குள் போக முன்

முடிச்சிட்ட குடலுக்குள்ளும் வயிற்றுக் குழிக்குள்ளும் லீற்றர் கணக்கில் நீர் தேங்கியிருக்கும். வெளியே தெரியாத இந்த இழப்பை நிரப்பாமல் மயக்க மருந்து கொடுத்தால் அந்த நிமிடமே இரத்த அழுத்தம் சரியும். ஆகவே இரண்டு கைகளிலும் பெரிய ஊசி, 16 அல்லது 18 இலக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் வீச்சில் ஹார்ட்மன் திரவம் என்ற உப்புக் கரைசலை 1200 மில்லிலீற்றர் அளவில் வேகமாக ஏற்றி, நாடியையும் அழுத்தத்தையும் பார்த்து மேலும் கூட்ட வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டு, மணிக்கு 30 மில்லிலீற்றராவது வருகிறதா என்று அளக்க வேண்டும். சிறுநீர்தான் இங்கே நம்பத்தகுந்த அளவுகோல். மூக்கால் 16 அல்லது 18 அளவுக் குழாய் விட்டு, அதன் வாயைத் திறந்தபடி வைத்து, வயிற்றை வடிக்க வேண்டும். அன்ரிபயோட்டிக் முதல் மணித்தியாலத்துக்குள் போக வேண்டும். செபுரொக்சிம் 1.5 கிராமும் மெற்றோனிடசோல் 500 மில்லிகிராமும் பொதுவாகக் கைவசம் உள்ள சோடி. பொற்றாசியத்தைப் பார்க்க வேண்டும். சத்தியால் இறங்கியிருக்கலாம், அழுகிய குடலால் ஏறியும் இருக்கலாம். இரத்தம் பொருத்திப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒன்று, கூடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆள் முழுதாகத் தேறட்டும் என்று காத்திருந்தால் தேற மாட்டார். ஏனென்றால் அவரைச் சரித்துக்கொண்டிருக்கும் பொருள் இன்னும் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

மயக்கம் கொடுக்கும் வேளையும் ஒரு கண்டம். வயிறு நிறைய மலவாடையுள்ள நீர் இருக்கும். அது சுவாசப்பைக்குள் போனால் சத்திரசிகிச்சை வென்றாலும் நியூமோனியா வெல்லும். மூக்குக் குழாயை உறிஞ்சி வடித்துவிட்டு, ஒட்சிசன் கொடுத்து, குரல்வளைக் குருத்தெலும்பை அழுத்திப் பிடித்தபடி, ஒரே மூச்சில் மயக்கிக் குழாய் போட வேண்டும். நைத்திரசு ஒட்சைட்டைத் தவிர்ப்பது நல்லது. அது அடைபட்ட குடலுக்குள் புகுந்து அதை இன்னும் ஊத வைக்கும்.

முடிச்சை அவிழ்ப்பதா, வெட்டுவதா

நடு வயிற்றில் நீளமாகத் திறப்பார்கள். சிறு துவாரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல இது. திறந்ததும் இரத்தம் கலந்த நீர் வழியும். பிறகு கருநாவல் நிறத்தில் இரண்டு பெரிய சுருள்கள், ஒன்று சிறுகுடல், ஒன்று சிக்மொயிட். எது எங்கே போகிறது என்று முதல் பார்வையில் விளங்காது. வெளியான தொகுப்புகளில் நான்கில் மூன்று பேருக்குக் கிட்ட, வயிற்றைத் திறக்கும்போதே குடல் அழுகத் தொடங்கியிருந்தது.

கண்ணுக்கு முன்னால் முடிச்சு இருக்கும்போது கை தானாக அதை அவிழ்க்கப் போகும். அழுகிய முடிச்சை அவிழ்க்கக் கூடாது. இந்தச் சத்திரசிகிச்சையில் இதைவிடப் பெரிய விதி இல்லை. இரத்தம் நின்ற குடலுக்குள் பொற்றாசியமும் அமிலமும் நுண்ணுயிர்களின் நஞ்சும் தேங்கியிருக்கின்றன. முடிச்சு இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அவை அங்கேயே அடைபட்டிருக்கும். அவிழ்த்த கணம் எல்லாம் ஒரேயடியாக இதயத்தை நோக்கிப் பாயும். இதயத் துடிப்பு தடுமாறும், அழுத்தம் விழும், மேசையிலேயே ஆள் போய்விடலாம். போதாததற்கு, அழுகிய சுவர் ஈரக் கடதாசி மாதிரி. இழுத்தால் கிழிந்து, உள்ளே இருந்தது முழுவதும் வயிற்றில் கொட்டும்.

ஆகவே முதலில் குடல்திரையில் இரத்தக்குழாய்களைக் கவ்வியால் பிடித்துக் கட்ட வேண்டும். பிறகு நல்ல குடலும் கெட்ட குடலும் சந்திக்கும் இடங்களில் மேலும் கீழும் கவ்வி போட்டு, முடிச்சு முடிச்சாகவே இருக்க, இரண்டு குடலின் கெட்ட பகுதிகளையும் ஒரே பொட்டலமாக வெட்டி வெளியே எடுக்க வேண்டும். சுருள்கள் ஊதிப்போய் அடியைக் காண முடியாவிட்டால், தடித்த ஊசியை உறிஞ்சு குழாயோடு பூட்டி, சிக்மொயிட்டில் ஒரு துளை குத்திக் காற்றை வடிக்கலாம். சுற்றிலும் ஈரத்துணி வைத்து ஒரு சொட்டும் சிந்தாமல் செய்ய வேண்டும். காற்றுப் போனதும் அந்தச் சிக்கல் பாதியாகிவிடும்.

குடல் இன்னும் உயிரோடு இருந்தால் மட்டுமே அவிழ்ப்பது. அப்போதும் முதலில் காற்றை வடித்துவிட்டு, மெதுவாக. அவிழ்த்த பிறகு சந்தேகமான பகுதியை இளஞ்சூடான சேலைனில் நனைத்த துணியால் மூடி, முழு ஒட்சிசன் கொடுத்து, 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். நிறம் சிவந்து, பளபளப்பு திரும்பி, குடல்திரையில் நாடி துடித்து, சுண்டினால் அலை ஓடினால் அந்தக் குடலை வைத்திருக்கலாம். இந்த 10 நிமிடத்தைச் சுருக்கியவர்கள் இரண்டு தவறில் ஒன்றைச் செய்வார்கள்: பிழைத்திருக்கக்கூடிய குடலை வெட்டுவார்கள், அல்லது செத்த குடலை விட்டுவைப்பார்கள். நீண்ட சிக்மொயிட் உயிரோடு மீண்டாலும் அதை அப்படியே விட்டால் மறுபடி முறுக்கும். ஆள் தாங்கும் நிலையில் இருந்தால் அதை அகற்றிவிடுவதே மேல்.

அடுத்தது இணைப்பு. சிறுகுடலின் இரு முனைகளையும் பெரும்பாலும் அதே வேளையில் தைத்துவிடலாம். இலியத்தின் கடைசி 10 சென்ரிமீற்றர் வரை அழுகியிருந்தால் மிஞ்சிய குட்டைத் துண்டில் தையல் போடுவது ஆபத்து. அதையும் சேர்த்து எடுத்துவிட்டுச் சிறுகுடலை, வலப்பக்கத்தில் மேலேறும் பெருங்குடலோடு இணைக்க வேண்டும். சிக்மொயிட் பக்கத்தில் முடிவு ஆளின் நிலையைப் பொறுத்தது. அழுத்தம் நிலையாக, வயிறு சுத்தமாக இருந்தால் நேரடியாகத் தைக்கலாம். அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், மேல்முனையை வயிற்றுச் சுவரில் மலத்துவாரமாக வெளியே கொண்டுவந்து, கீழ்முனையை மூடிவிடுவது உத்தமம். இதற்கு ஹார்ட்மன் முறை என்று பெயர். மிக மோசமான நிலையில் எதையும் இணைக்காமல், முனைகளைக் கட்டிவிட்டு, தீவிர சிகிச்சையில் சூடேற்றித் தேற்றி, 24 முதல் 48 மணித்தியாலத்தில் மறுபடி திறந்து பார்ப்பது உயிர் காக்கும் வழி. நள்ளிரவில், களைத்த குழுவோடு, அழுத்தம் 80இல் நிற்கும் ஒருவருக்கு அழகான இணைப்புத் தையல் போடுவதில் பெருமை எதுவும் இல்லை.

வயிற்றை மூடுவதற்கு முன் இன்னொரு வேலை. மிஞ்சிய சிறுகுடலை, குடல்திரை ஒட்டாத விளிம்பு வழியாக ஒரு நூலால் அளந்து குறிப்பில் எழுத வேண்டும். 200 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் குறுங்குடல் நிலை, அதாவது சத்தையும் நீரையும் உறிஞ்சக் குடல் போதாத நிலை. வெட்டியது எவ்வளவு என்பதைவிட மிஞ்சியது எவ்வளவு என்பதே பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது.

பிழைப்பவர் எத்தனை பேர்

குடல் அழுகவில்லை என்றால் இறப்பு நூற்றுக்குப் பத்துக்குள் நிற்கிறது. அழுகியிருந்தால் பழைய தொகுப்புகளில் 20இலிருந்து தொடங்கி, சில சிறு தொகுப்புகளில் ஒருவரும் மிஞ்சாத அளவுக்கும் போயிருக்கிறது. இந்த வித்தியாசத்துக்குத் தையல் முறை பெரிய காரணமல்ல. வயது, வரும்போதே அதிர்ச்சி நிலையில் இருந்தாரா, எத்தனை மணித்தியாலம் கழித்து வந்தார் என்பவையே காரணம். தீவிர சிகிச்சையும் அன்ரிபயோட்டிக்கும் மேம்பட்ட பிறகு எண்கள் நல்ல பக்கம் நகர்ந்திருக்கின்றன. தாமதத்தின் விலை மட்டும் குறையவில்லை.

முதல் வாரத்தில் அதிகம் காண்பது காயத்தில் சீழ். தோலைத் தைக்காமல் திறந்துவிட்டு, நாலைந்து நாள் கழித்துத் தைத்தால் அது குறையும். ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் நாடி ஏறி, காய்ச்சல் வந்து, வயிறு மறுபடி ஊதினால் இணைப்புத் தையல் கசிகிறது என்று எண்ண வேண்டும். அதே நாட்களில் காயக்கட்டு திடீரென்று இளஞ்சிவப்பு நீரில் நனைந்தால், தோல் மூடியிருந்தாலும் உள்ளே வயிற்றுச் சுவர் விட்டுவிட்டது என்று பொருள். கட்டை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. உடனே நிபுணருக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மலத்துவாரத்தோடு வருபவருக்கு வன்னி வெயிலில் முதல் எதிரி வியர்வை. பை தோலில் நிற்காது. பையின் வாயைத் துவாரத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும், புண்ணில் பை ஒட்டாது. தோலை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெயோ பவுடரோ பூசாமல் ஒட்ட வேண்டும். மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் கழிக்க வேண்டும், பாரம் ஏறினால் பை கழன்றுவிடும். துவாரம் நாக்கு மாதிரிச் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்தால் அன்றே வைத்தியசாலை. மூன்று முதல் ஆறு மாதத்தில், உடம்பு தேறியதும், மறுபடி இணைக்கலாம். கிளினிக்குக்குப் போவதைக் கைவிட்டு, பையோடே காலம் தள்ளுபவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த இரண்டாவது சத்திரசிகிச்சைக்கான திகதியை முதல் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெருங்குடலை அல்லாமல் சிறுகுடலைத் துவாரமாக வெளியே கொண்டுவந்திருந்தால் கதை வேறு. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் ஓடத் தொடங்கினால் ஆள் வற்றிவிடுவார். தாகத்துக்குப் பச்சைத் தண்ணீரும் இளநீரும் மாறி மாறிக் கொடுப்பார்கள். அது இழப்பைக் கூட்டும். உப்பில்லாத நீர் குடலுக்குள் போனதும் உடம்பிலிருக்கும் உப்பை உறிஞ்சிக்கொண்டு வெளியேறுகிறது. இளநீரில் பொற்றாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு. இவருக்கு வேண்டியது உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசல். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் குளுக்கோஸ் 20 கிராம், அதாவது 5 மில்லிலீற்றர் கரண்டியால் மட்டமாக ஆறு. உப்பு 3.5 கிராம், அதே கரண்டியால் மட்டமாக ஒன்று. அப்பச்சோடா 2.5 கிராம், பாதிக் கரண்டி. நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். உடனே செய்ய வழியில்லை என்றால் ஜீவனியோடு தொடங்கலாம். வெறும் நீரையும் தேத்தண்ணியையும் இளநீரையும் சேர்த்து நாளுக்கு ஒரு லீற்றருக்குள் நிறுத்த வேண்டும்.

இலியத்தின் கடைப்பகுதிக்கென்று ஒரு தனி வேலை உண்டு. விற்றமின் பி12ஐயும் பித்த உப்பையும் உறிஞ்சுவது அந்த இடம்தான். அதில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் போயிருந்தால் பி12 இனி வாயால் சரிவர ஏறாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மூன்று வருடம் எதுவும் தெரியாது. பிறகு களைப்பு, வெளிறல், கால் விறைப்பு, தள்ளாட்டம் வரும். அப்போது பழைய சத்திரசிகிச்சையை ஒருவரும் நினைக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் ஹைட்ரொக்சோகோபலமின் ஊசி போட்டுக்கொண்டால் இது வராது. ஆயுள் முழுவதும் போட வேண்டும்.

பித்த உப்பு உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போனால் வயிற்றோட்டம் வரும். அதைவிடக் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். கொழுப்பு செரிக்காமல் கீழே போகும்போது குடலிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஒக்சலேற்று இப்போது தனித்து நின்று, பெருங்குடல் வழியாக இரத்தத்துக்கு ஏறி, சிறுநீரில் கல்லாகிறது. வெயிலில் வேலை, குறைந்த சிறுநீர், வவுனியாப் பக்கத்தில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் என்று ஏற்கெனவே பாரம் சுமக்கும் ஊர்களில் இது சிறிய விடயமல்ல. சிறுகுடல் பெருங்குடலோடு இணைந்திருப்பவர், நாளுக்கு இரண்டு லீற்றர் சிறுநீர் வரும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். இவருக்குத் தண்ணீர் நல்லது, மேலே சொன்ன சிறுகுடல் துவாரக்காரருக்குத்தான் வெறும் நீரை மட்டுப்படுத்த வேண்டும். இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. கச்சான், பசளி, முளைக்கீரை, கடும் தேத்தண்ணி ஆகியவற்றில் ஒக்சலேற்று அதிகம். குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது பாலோ தயிரோ சேர்த்துச் சாப்பிட வேண்டும். கல்சியம் குளிசை தந்திருந்தால் அதை விழுங்க வேண்டியது சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் அல்ல. உடம்பு நோவுக்கு டைக்குளோபினாக்கைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, அது சிறுநீரகத்தை வருத்தும்.

வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் நாளில் தரும் அட்டையில் சில விபரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள்: மிஞ்சிய சிறுகுடல் எத்தனை சென்ரிமீற்றர், கடைசி இலியமும் அதன் வால்வும் இருக்கின்றனவா, சிக்மொயிட் எடுக்கப்பட்டதா, பி12 ஊசியின் முதல் திகதி எது. அட்டையைப் படமெடுத்துப் போனிலும் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு வைத்தியர் அந்தத் தழும்பைப் பார்த்து என்ன எடுத்தார்கள் என்று கேட்கும்போது, அந்தப் படத்தைக் காட்டினால் அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.